‘இன்ஷூரன்ஸ் இலவசம்’: யார் பையிலிருந்து போகிறது பணம்?

ஓரிக்கையிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி உத்திரமேரூர் வரை உள்ள ஊர்க்காரர்கள் வண்டி எடுக்கப் பெரும்பாலும் காஞ்சிபுரத்துக்குத்தான் போகிறார்கள். ஷோரூமில் முதல் கேள்வி, ‘ஆன் ரோடு எவ்வளவு வரும்?’ விற்பனையாளர் கொட்டேஷன் தாளை நீட்டுகிறார். எக்ஸ் ஷோரூம் விலை, ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் என்று வரிசையாகத் தொகைகள். பண்டிகை மாதம் என்றால் இன்ஷூரன்ஸ் வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘இலவசம்’ என்று எழுதித் தருவதும் உண்டு. அடிக்கப்பட்ட தொகை நாற்பதாயிரம் என்றால் நாற்பதாயிரம் மிச்சம் என்று நம்பிவிடுகிறோம். கணக்கு அவ்வளவு நேரானது அல்ல.

எத்தனை வருஷத்துக்கு இலவசம்?

புதுக் காரின் பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு. மற்றொன்று, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும் உரிய ‘ஓன் டேமேஜ்’.

முதலாவது சட்டப்படி கட்டாயம். கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு, புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுத்தாக வேண்டும். கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1,000 முதல் 1,500 சிசி வரையிலான புதுக் காருக்கு மூன்றாண்டுக்கு ரூ.10,640, 75 முதல் 150 சிசி வரையிலான புது பைக்குக்கு ஐந்தாண்டுக்கு ரூ.3,851. இதற்கு மேல் ஜிஎஸ்டி. இந்தத் தொகை எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது பகுதியின் விலையை 2007 முதல் நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. ஒரே காருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுவது இதில்தான். ‘இலவசம்’ என்று தருவதில் இந்தப் பகுதி வழக்கமாக ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும். இரண்டாம் ஆண்டு அதற்கான பிரீமியம் நம் தலையில்.

விலையைக் குறைத்தால் என்ன?

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ உருவாகும் கார், ஆண்டு இறுதிக்குள் விற்காமல் நின்றால் ஜனவரியில் அது ‘போன வருஷ மாடல்’. தள்ளிவிட்டாக வேண்டும். பட்டியல் விலையையே குறைத்தால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். போன மாதம் வாங்கியவர் சண்டைக்கு வருவார். இன்ஷூரன்ஸ் சலுகையில் இந்தத் தொல்லைகள் இல்லை. மாதக் கடைசியில் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தாளில் எழுதுவது முழு பிரீமியம். மொத்தமாகப் பாலிசி தரும் டீலருக்குக் காப்பீட்டு நிறுவனம் ஓன் டேமேஜ் பகுதியில் பெரிய தள்ளுபடி தர முடியும். அதோடு கமிஷனும் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, டீலர்கள் பாலிசி விற்பதற்கான வழிகாட்டுதல்களை 2017 நவம்பரில் நடைமுறைப்படுத்தியபோது, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் டீலருக்கான பங்குக்குக் காருக்கு 19.5 சதவீதம், இருசக்கர வாகனத்துக்கு 22.5 சதவீதம் என்று வரம்பு வைத்தது. 2023 ஏப்ரல் முதல் கமிஷனுக்குத் தனி வரம்பு நீங்கி, காப்பீட்டு நிறுவனத்தின் மொத்தச் செலவுக்குத்தான் வரம்பு. பிறகு வண்டி இடித்தால் அதே டீலரின் ஒர்க்‌ஷாப்புக்கு வேலை. ஆக, நாற்பதாயிரம் என்று எழுதிய சலுகைக்கு அவர்களுக்கு ஆகும் செலவு நாற்பதாயிரத்துக்குக் கீழே.

வண்டிப் பணமும் பிரீமியமும் ஒரே காசோலையில் போவதால் இன்ஷூரன்ஸுக்கு எவ்வளவு தந்தோம் என்பதே வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஐஆர்டிஏஐ அமைத்த குழுவும் இதைச் சுட்டிக்காட்டி, பிரீமியத்தை வாடிக்கையாளர் தனியாகச் செலுத்த வேண்டும் என்று 2021இல் பரிந்துரைத்தது. பிரிட்டனில் 2010இல் பெஜோ நிறுவனம் காப்பீடு, வரி, சர்வீஸ் எல்லாவற்றையும் மாதத் தவணைக்குள் அடக்கி, ‘பெட்ரோல் மட்டும் போட்டால் போதும்’ என்ற பாணியில் விற்றது. எங்கே இப்படிச் சேர்த்துக் கட்டினாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் விலையும் மறைந்துவிடும்.

நீங்கள் சேர்த்த போனஸ்

பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. க்ளெய்ம் எதுவும் இல்லாமல் ஐந்து ஆண்டு ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது வண்டியோடு போகாது, உரிமையாளருடையது. பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். பைக்கில் சேர்த்ததைக் காருக்கு மாற்ற முடியாது.

ஓர் உதாரணக் கணக்கு: ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.20,000 என்றால், போனஸால் ரூ.10,000 குறையும், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ரூ.11,800. காசு கொடுத்து எடுக்கும் பாலிசியில் இதைக் கேட்காவிட்டால் இழப்பு உங்களுக்கு. ‘இலவச’ பாலிசியில் போனஸைப் பயன்படுத்தினாலோ, மிச்சமாவது பாலிசிக்குப் பணம் கட்டுகிறவருக்கு.

பம்பர் டு பம்பர் கட்டாயமா?

பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாதாரண பாலிசி பணம் தரும். அதைப் பிடிக்காமல் இருக்கக் கூடுதல் பிரீமியத்தில் எடுப்பதை ஷோரூம்களில் ‘பம்பர் டு பம்பர்’ என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், ஈரோடு விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், புது வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்றது. நடைமுறைச் சிக்கல்கள் எழவே, செப்டம்பரில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. எனவே இது இன்றும் விருப்பத் தேர்வுதான்.

முன்பணம் கட்டும் முன்

ஒரே ஒரு கேள்வி போதும்: ‘பாலிசியை நானே வெளியில் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தொகையை வண்டி விலையில் எவ்வளவு கழிப்பீர்கள்?’ வரும் பதில்தான் சலுகையின் உண்மையான மதிப்பு. அந்தக் கழிவு வெளியில் கிடைக்கும் பிரீமியத்தைவிடக் குறைவு என்றால் ஷோரூம் பாலிசியையே எடுங்கள், தவறில்லை. ஆனால் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐடிவி, எவ்வளவு என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள வண்டிக்குப் பட்டியல் விலையில் 5 சதவீதம் கழித்த தொகை இருக்க வேண்டும். அதைக் குறைத்து எழுதியிருந்தால் வண்டி திருடு போகும்போது கைக்கு வருவதும் குறையும்.

‘வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது’ என்ற பேச்சுக்கும் அஞ்ச வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருந்தால் கேஷ்லெஸ் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்திலேயே பட்டியலைப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டு ஷோரூமிலிருந்து புதுப்பிக்கச் சொல்லி போன் வரும். 2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜ் பாலிசியை மட்டும் தனியாக எந்த நிறுவனத்திலும் எடுக்கலாம் என்பதால், இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்ட பிறகு பதில் சொன்னால் போதும்.