மின்சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் மின்கலத்தைப் பாருங்கள்

சுவா சூ காங்கிலிருந்து கெண்ட் ரிட்ஜ் வளாகத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ரயில், பேருந்து என மாறி மாறி ஏறி இறங்கி, காலை எட்டு மணி விரிவுரைக்கு வியர்த்து வந்து அமரும் நம் நண்பர்கள் பலருக்கும் ஒருநாள் அந்த எண்ணம் தோன்றும்: மின்சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?

தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்ற எந்த மின்சைக்கிளாக இருந்தாலும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் உதவியை நிறுத்திவிடும். மோட்டாரின் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. மிதித்தால்தான் மோட்டார் இயங்கும். கைப்பிடியை முறுக்கினால் மோட்டார்சைக்கிள் போலப் பாயும் வண்டி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இங்கே ஓட்டத்தக்கதன்று. ஆயிரம் வெள்ளி வண்டியும் இரண்டாயிரம் வெள்ளி வண்டியும் வேகத்தில் ஒன்றேதான்.

அப்படியானால் எதைக் கேட்பது? என் விடை: மின்கலம். மற்ற பாகங்களெல்லாம் ஓட்டும்போது மட்டுமே நம்மோடு இருப்பவை. மின்கலமோ இரவில் வீட்டுக்குள் வந்து, அம்மாவும் தங்கையும் உறங்கும் அறைக்குப் பக்கத்தில் மின்னேற்றிக்கொண்டு கிடப்பது.

மின்கலப் பெட்டியின் மேல் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. அளவாக மிதித்து ஓட்டுபவருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 35 கிலோமீட்டர் ஓடும். மேட்டில் ஏறினாலும் சுமை ஏற்றினாலும் கொஞ்சம் குறையும். சுவா சூ காங் நண்பர் போய்வர இது போதும்.

யாருக்குப் போதாது? நாள் முழுதும் உணவு விநியோகம் செய்பவர்களுக்கு. 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் செல்லத் தடை வந்தபின் விநியோக ஓட்டுநர்கள் பலர் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். படிப்புச் செலவுக்காகப் பகுதிநேரமாக இந்த வேலை செய்யும் மாணவர்களும் உண்டு. மதியத்துக்குள் மின்கலம் தீர்ந்தால் வருமானமும் அங்கேயே நின்றுவிடும். அப்போதுதான் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கூடுதல் மின்கலம் கண்ணில் படுகிறது. பையில் வைத்து ஒரு கம்பியை இழுத்து இணைத்தால் இருமடங்கு தூரம்!

2021 ஜூன் மாதம் உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கிக்குள் மின்சைக்கிள் தீப்பற்றி, 20 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அவருடைய வண்டி ஆணையத்தின் முத்திரை பெற்றது, பதிவும் செய்யப்பட்டது. அதில் சான்று பெறாத வெளி மின்கலம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. நம்மில் பலரின் வயதுதான் அவருக்கும்.

ஏன் இப்படி எரிகிறது? 36 வோல்ட் மின்கலம் என்பது ஒரே பொருளன்று. விரலைவிடச் சற்றுப் பெரிய லித்தியம் சிறுகலங்கள் பத்துப் பத்தாக வரிசையில் கோக்கப்பட்ட கட்டு அது. ஒரு சிறுகலத்துக்குள் இரு முனைகளையும் பிரித்து வைக்கும் மெல்லிய தாள், அதிக மின்னேற்றத்தாலோ அடிபட்டோ உருகிவிட்டால், அந்தக் கலம் தானே சூடேறி எரியும். அந்தச் சூடு அடுத்த கலத்தைப் பற்றும், அது அடுத்ததை. நச்சுப்புகையும் தீயும் சேர்ந்து வெடிப்புபோல் வரும். மூடிய மின்தூக்கிக்குள் ஒதுங்க இடமேது?

இதைத் தடுக்கவே நல்ல மின்கலத்துக்குள் ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. எந்தக் கலமும் அளவை மீறாமல் அது காவல் காக்கும். மலிவுக் கட்டுகளில் இது தரமற்று இருக்கலாம், அல்லது இல்லாமலே போகலாம். வெளியிலிருந்து பார்த்து நம்மால் சொல்ல முடியாது. 'ஈஎன் 15194' என்னும் ஐரோப்பியத் தரம் வண்டியை அதன் மின்கலத்தோடு சேர்த்தே சோதிக்கிறது. ஆகவே மின்கலத்தை மாற்றினால் பழைய சான்று புதிய கலத்துக்குப் பொருந்தாது. (சில விற்பனையாளர்கள் 'யுஎல் 2272' என்று சொல்லிச் சமாதானப்படுத்துவார்கள். அது மின்ஸ்கூட்டர் போன்றவற்றுக்கான தீப்பாதுகாப்புத் தரம். மின்சைக்கிளுக்குக் கேட்க வேண்டியது அதையன்று.) கூடுதல் தூரம் தேவைப்படுபவர், வண்டியை விற்றவரிடமே அதே வகை மின்கலத்தை இரண்டாவதாக வாங்கி, முதலாவது தீர்ந்ததும் கழற்றி மாற்றிக்கொள்வதுதான் முறை. சில நூறு வெள்ளி ஆகும். வலிக்கத்தான் செய்யும்.

மின்னேற்றியும் அப்படியே. 36 வோல்ட் கட்டு முழுதாக ஏறும்போது 42 வோல்ட்டில் நிற்க வேண்டும். 48 வோல்ட் வண்டியின் மின்னேற்றியோ 54 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். இரண்டின் செருகியும் ஒரே வடிவில் இருப்பதுண்டு! வீட்டில் இரண்டு மின்னேற்றிகள் இருந்தால் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு முழுக்க மின்னேற்ற விட்டு உறங்க வேண்டாம் என்று குடிமைத் தற்காப்புப் படை அறிவுறுத்துகிறது. வாசல் கதவருகே மின்னேற்றுவதும் கூடாது, தீப்பிடித்தால் தப்பும் வழியே அடைபட்டுவிடும்.

சட்ட விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் கோட்பாட்டுத் தேர்வில் தேர்ச்சி கட்டாயம். வண்டியில் ஆரஞ்சு முத்திரையும் எண் பலகையும் வேண்டும். சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்டலாம். நடைபாதையிலும் விரைவுச்சாலையிலும் கூடாது. சாலையில் தலைக்கவசம் கட்டாயம். பழைய வண்டி வாங்குபவர்கள் பணம் கொடுக்குமுன் முத்திரை எண்ணைப் பதிவோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றத்தையும் உடனே முடித்துக்கொள்ள வேண்டும். மின்கலம் வண்டியோடு வந்ததுதானா என்றும் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

உபகரணங்களில் நான் பணம் செலவிடச் சொல்வது மூன்றுக்குத்தான்: மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், நல்ல விளக்கு, தடித்த பூட்டு. இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கும் வண்டியில் காற்று இறங்கினால், மோட்டார் கம்பியைக் கழற்றாமல் சக்கரத்தை எடுக்க முடியாது. அதற்குரிய சாவியை வண்டியிலேயே வைத்திருங்கள்.

இனி, வண்டியைக் கொண்டுசெல்வது. மடக்கு வண்டியானாலும் மடித்த நிலையில் 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் அடங்காவிட்டால் ரயிலிலும் பேருந்திலும் இடமில்லை. கடைக்காரர் ஒரே கையால் மடக்கிக் காட்டுவதைக் கண்டு மயங்காதீர்கள். 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காரின் பின்னால் மாட்டுவதென்றால் மின்கலத்தைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள். எடை குறையும், மழையும் படாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நண்பர்கள் வண்டியை விமானத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பதுண்டு. பயணிகள் கொண்டுசெல்லும் லித்தியம் மின்கலத்துக்கு 160 வாட்-மணி உச்ச வரம்பு. 100-க்கு மேல் என்றாலே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நம்முடையதோ 360. கைப்பையிலும் போகாது, பெட்டியிலும் போகாது. ஆகவே கடைசிப் பருவத்திலேயே வாங்குபவரைத் தேடத் தொடங்குங்கள். மின்கலம் வீங்கியோ அடிபட்டோ இருந்தால் அதை யாருக்கும் விற்காதீர்கள், குப்பைக் குழாயிலும் போடாதீர்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தில் மின்சைக்கிள்களும் அடங்கும். அதன்வழி ஒப்படைத்துவிட்டு, ஆணையத்தில் பதிவையும் நீக்கிவிடுங்கள்.