கம்ப்யூட்டருக்கு 127 டிகிரி காய்ச்சலா?

கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது. சூடு அதிகமாகியிருக்குமோ என்ற சந்தேகத்தில், எச்.டபிள்யூ.மானிட்டர் மாதிரி ஓர் இலவச மென்பொருளை இறக்கிப் பார்க்கிறீர்கள். பிராசசர் 52 டிகிரி, ஹார்டு டிஸ்க் 41. சரிதான். அதற்குக் கீழே ‘ஆக்ஸ்டின்’ என்று புரியாத பெயரில் ஒரு வரி: 127 டிகிரி செல்சியஸ்! தண்ணீரே 100 டிகிரியில் கொதித்துவிடும். அப்படியானால் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடத்தில் சென்சாரே இருக்காது!

இல்லாத சென்சார் காட்டும் சூடு

மதர்போர்டில் ‘சூப்பர் ஐ/ஓ’ என்றொரு சிப் உண்டு. தைவானின் நுவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. ஃபேன் வேகம், மின்னழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் கவனிப்பது இதன் வேலை. வெப்பநிலைக்கென்றே இதில் பல இணைப்புகள் இருந்தாலும், மதர்போர்டு தயாரிப்பாளர் தனக்குத் தேவையான சிலவற்றில் மட்டும் சென்சாரைப் பொருத்துவார். மற்றவை சும்மா கிடக்கும். எதில் சென்சார் இருக்கிறது, எதில் இல்லை என்பது மென்பொருளுக்குத் தெரியாது. சிப் தரும் எண்ணை அப்படியே திரையில் போட்டுவிடும்.

அது ஏன் சொல்லிவைத்தாற்போல் 127? எட்டு பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய எண்கள் மைனஸ் 128-ல் தொடங்கி 127-ல் முடிகின்றன. எதுவும் இணைக்கப்படாத முனை பல நேரம் இந்த இரண்டு எல்லைகளில் ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே 127, மைனஸ் 128 இரண்டில் எதைக் கண்டாலும் பதறாதீர்கள்.

எப்போதும் 27.8

பயமுறுத்தாத பொய்யும் உண்டு. சில கம்ப்யூட்டர்களில் ‘தெர்மல் ஸோன்’ என்ற தலைப்பில் 27.8, 29.8 என்று இரண்டு எண்கள் தெரியும். காலையில் பார்த்தாலும் அதேதான். இரண்டு மணி நேரம் கேம் விளையாடிவிட்டுப் பார்த்தாலும் அதேதான்.

பயாஸ் இந்த வெப்பநிலையை விண்டோஸுக்குச் சொல்வது கெல்வினில், அதுவும் பத்தில் ஒரு பங்கு அலகில். 3010 என்று பயாஸில் நிரந்தரமாக எழுதிவைத்திருந்தால், அது 301 கெல்வின். அதிலிருந்து 273.2-ஐக் கழித்தால் 27.8. அதேபோல 3030 என்பது 29.8. யாரும் எதையும் அளக்கவில்லை. காலியாக விடாமல் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அளவு சரி, எண் வேறு

மூன்றாவது வகை கொஞ்சம் சிக்கலானது. சென்சார் இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் காட்டும் எண் உண்மையான வெப்பநிலையாக இருக்காது. 2017-ல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசர்கள் வந்தபோது இதுதான் நடந்தது. 1700எக்ஸ், 1800எக்ஸ் மாடல்களில் உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும்படி நிறுவனமே அமைத்திருந்தது. எல்லா மாடல்களுக்கும் ஃபேன் ஒரே விதியில் சுழல வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. விஷயம் தெரியாமல், 60 டிகிரியில் இருந்த பிராசசரை 80 என்று நம்பிக் கவலைப்பட்டவர்கள் உண்டு.

இன்டெல் பிராசசரில் இருக்கும் சென்சார் நேரடியாக வெப்பநிலையைச் சொல்வதில்லை. ‘உச்ச வரம்பைத் தொட இன்னும் இத்தனை டிகிரி பாக்கி’ என்றுதான் சொல்லும். பல மாடல்களில் அந்த வரம்பு 100 டிகிரி. சென்சார் 40 என்றால் மென்பொருள் கழித்துப் பார்த்து 60 என்று காட்டும். வரம்பை மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால் விடையும் தவறும். தவிர, இந்த சென்சார் உச்சத்துக்கு அருகில்தான் துல்லியமானது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணில் சில டிகிரி முன்பின் இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

ராத்திரி முழுக்க அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டரைக் காலையில் போட்டவுடன் பாருங்கள். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் சென்சார்கள் அறை வெப்பநிலையை ஒட்டியே காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் நம்ப வேண்டாம். ஃபேன் அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க அதனால் முடியாது. மே மாதம், ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும்போது பிராசசர் 24 என்றால், அது பொய்க்கணக்கு.

அடுத்து, ஒரு பெரிய வீடியோவை கன்வெர்ட் செய்யப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். பிராசசர் எண் ஏற வேண்டும், வேலை முடிந்ததும் இறங்க வேண்டும். பயாஸ் திரையில் தெரியும் எண்ணோடும் ஒப்பிடலாம். மின்சிக்கன ஏற்பாடுகள் பயாஸில் முழுதாக இயங்காததால், அங்கே கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தவறில்லை.

பொய்யென்று ஒதுக்கக் கூடாதவை

பிராசசர் எண் ஒரே நொடியில் 45-லிருந்து 70-க்குத் தாவினால் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். சென்சார் சிலிக்கானுக்குள்ளேயே இருப்பதால் அப்படித் தாவுவது இயல்புதான்.

ஆனால் வேலை கொடுத்த சில நொடிகளில் 100-ஐத் தொட்டு, அங்கேயே நின்று, பிராசசர் வேகமும் சரிந்தால் அது நிஜமான சூடு. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பிராசசர் வேகத்தைக் குறைக்கிறது. அதற்கு மேலும் சூடேறினால் தானாகவே அணைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். இன்டெல்லோடு வரும் பழைய ரக கூலரில் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அதில் ஒன்று கழன்றிருந்தாலே ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கலாம்.

வேலைக்கும் வெயிலுக்கும் அசையாத எண்ணை மென்பொருளில் மறைத்துவிடுங்கள். ஃபேன் வேகத்தை அதோடு இணைக்கவே வேண்டாம். யாராவது ‘போர்டு சூடாகுது, மாத்தணும்’ என்று சொன்னால், காசைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: எந்த சென்சார் சொல்கிறது? வேலை கொடுத்தால் அந்த எண் ஏறுகிறதா?