கோப்பைக்குள்ளிருந்து ஒரு தலை!



வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி உட்காருகிறீர்கள். மூலையில் உங்கள் பிள்ளை கைப்பேசியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். என்னவென்று எட்டிப் பார்த்தால், கக்கூஸ் கோப்பைக்குள்ளிருந்து ஒரு மனிதத் தலை எழும்பிப் பாடுகிறது! “இதில் என்னடா சிரிப்பு?” என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. இன்னும் அதிகமாகத்தான் சிரிப்பான்.

இந்தத் தொடரின் பெயர் ‘ஸ்கிபிடி டாய்லெட்’. அலெக்சி ஜெராசிமோவ் என்பவர் உருவாக்கியது. முதல் பகுதி 2023 பிப்ரவரி 7ஆம் தேதி யூடியூபில் வந்தது. நீளம் வெறும் 11 வினாடி. படப்பிடிப்பு நிலையமும் இல்லை, பணமூட்டையும் இல்லை. வால்வ் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘சோர்ஸ் ஃபிலிம்மேக்கர்’ என்னும் கணினிக் கருவியில், 2004இல் வந்த ‘ஹாஃப் லைஃப் 2’ போன்ற விளையாட்டுகளின் உருவங்களை எடுத்து ஆட்டி வைத்தார், அவ்வளவுதான்.

போகப் போகக் கதை வளர்ந்தது. கோப்பைத் தலைகள் ஒரு பக்கம். கேமரா, ஒலிபெருக்கி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றையே தலையாகக் கொண்ட ஆட்கள் மறு பக்கம். இரு தரப்புக்கும் ஓயாத சண்டை. வசனமோ இல்லை என்றே சொல்லலாம். சாப்ளினின் ஊமைப் படத்துக்கு மொழி தேவைப்படாதது போல, இதற்கும் தேவைப்படவில்லை. அதனால்தான் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இது புரிந்துவிட்டது.

ரசிகப் பிள்ளைகள் பார்ப்பதோடு நிற்பதில்லை. படத்தை நிறுத்தி நிறுத்தித் துப்புத் தேடுகிறார்கள். அடுத்து வெல்வது யார் என்று வாதாடுகிறார்கள். உருவங்களை வரைகிறார்கள், சிலர் சொந்தமாகவே படம் செய்கிறார்கள். ‘ஸ்கிபிடி’ என்ற சொல்லை 2025இல் கேம்பிரிட்ஜ் அகராதியே சேர்த்துக்கொண்டது. நல்லது, கெட்டது என்று எதற்கும் சொல்லலாம். பொருளே இல்லாமல் வேடிக்கைக்கும் சொல்லலாமாம்!

பெற்றோருக்குக் கவலை வருவது இயல்புதான். 2023இல் இந்தோனேசியாவில், பிள்ளைகள் கூடைக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டி விளையாடுவதைக் கண்டு பலர் பயந்தார்கள். சிரிப்புத் தொடர் என்றாலும் வெடியும் அடியும் இதில் நிறைய உண்டு. சின்னஞ்சிறுசுகள் பயப்படக்கூடிய முகங்களும் உண்டு. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். ஆகவே கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாகாது.

அதற்காகச் சட்டென்று பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கினால் அவன் ஒளிந்து பார்ப்பான். என்ன பார்க்கிறான் என்பதே நமக்குத் தெரியாமல் போகும். இன்றிரவு ஒரு பகுதியை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். “இதில் நல்லவன் யாரப்பா?” என்று கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளை அரை மணி நேரம் பேசுவான். பயந்திருந்தால் அதுவும் அந்தப் பேச்சில் வெளிவரும்.

பிறகு ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தைக் கொடுங்கள். ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது சிறிதாக மாற்றிப் படம் வரைந்து, தாள்களை விரலால் சரசரவென்று தள்ளச் சொல்லுங்கள். அந்தக் கோப்பைத் தலை அவன் கையாலேயே ஆடும். பார்த்துச் சிரித்த பிள்ளை, செய்து சிரிக்கட்டுமே!