ஓடை மீனைத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்

ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறி, பிட்டவல பத்தனையைப் பார்த்துவிட்டு இலுக்கும்புர பக்கம் இறங்குகிறவர்கள் தெல்கமு ஓயாவில் குளிக்காமல் திரும்புவதில்லை. குளித்த கையோடு துவாயை விரித்து நாலைந்து மீன்களை அள்ளி, சோடாப் போத்தலில் போட்டு வேனில் ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது. ஓடும் நீரில் பிறந்த மீனுக்கு அடைத்த போத்தலில் மூச்சு முட்டும். வீடு போய்ச் சேருமுன்பே மிதக்கத் தொடங்கும்.

இந்தப் பாதையை ஒட்டிய நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. காட்டு எல்லைக்குள் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். எல்லைக்கு வெளியேதானே பிடித்தேன் என்று வாதாடுபவர்களுக்கு இன்னொரு செய்தி: வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மீன்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அம்பன் கங்கைப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மார்ட்டன்ஸ்டைன் கெண்டை, அறிவியல் பெயர் பெற்றதே 1991இல்தான். துவாயில் துள்ளுவது அதன் குஞ்சா, சாதாரணக் கெண்டையா என்று கரையில் நிற்கும் யாருக்குத் தெரியும்?

பிள்ளை மீன் கேட்டு அழுதால் கடையில் கௌராமி அல்லது ஃபைட்டர் வாங்கிக் கொடுங்கள். இவற்றுக்குச் செவுளோடு மேலதிகமாக, மடிப்பு மடிப்பான ஒரு சுவாச உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும். அதனால் காற்றுப் பம்பு இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் மலைப்பக்கத்து வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டியைக் கண்ணாடியால் மூடி, நீருக்கும் மூடிக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம் காற்று விடுங்கள். பனிக்குளிர் காற்றை நேரே விழுங்கினால் மீன் நோய்ப்படும். தண்ணீர் 25 பாகைக்குக் கீழே போகாமல் சூடாக்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்த பிறகே ஊற்றுங்கள்.

குஞ்சு பொரிக்க வைப்பதும் கடினமில்லை. மிதக்கும் இலைக்கடியில் ஆண் மீன் குமிழி குமிழியாய் நுரைக்கூடு கட்டும். முட்டை கீழே நழுவினால் வாயால் கவ்விக் கொண்டுவந்து கூட்டில் ஒட்டும். முட்டையிட்டதும் பெண்ணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். விட்டால் ஆண் அதைக் கடித்தே கொன்றுவிடும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடுங்கள்.

இனி, நான் அதிகம் பயப்படும் விடயம். ஒரு முட்டையிடலில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். தொட்டி நிறைந்ததும் புண்ணியம் என்று சொல்லி ஓயாவில் கொட்டுகிறார்கள். கொட்டாதீர்கள். காற்றை விழுங்கிப் பிழைக்கும் மீன் கலங்கிய நீரிலும் சாகாது. உள்ளூர் மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அலங்கார மீனாக வந்த கத்தி மீன் இன்று நம் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. தெல்கமு ஓயாவில் விட்டது அம்பன் கங்கை வழியே மகாவலிக்கே போகும். மிஞ்சிய குஞ்சுகளை மீன் கடைக்குக் கொடுங்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். ஓடையில் மட்டும் விடாதீர்கள்.

நம் நாட்டுக்கே உரிய மல்புலுட்டா, தல் கொஸ்ஸா ஆகியவையும் கௌராமி, ஃபைட்டர் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். யாராவது காட்டு மீன் என்று பெருமை பேசி விற்றால் வாங்காதீர்கள். வளர்த்துப் பெருக்கி விற்கும் எண்ணமிருந்தால், தொட்டி கட்டுமுன் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் என்ன அனுமதி தேவை என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

மீன் அள்ளுவதைக் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். இடம், திகதி, நேரம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் குறித்துப் படமெடுங்கள். உடனடியாக வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 அல்லது பொலிஸின் 119 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தக்கூடாது. மாத்தளை மாவட்ட வன அலுவலகத்துக்கு முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். “பார்க்கிறோம்” என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

தமிழில் எழுதினால் ஏற்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பினால் பணிந்து வந்துவிடாதீர்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. மறுத்த அதிகாரியின் பதவியையும் திகதியையும் குறித்து, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வனத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். “என் முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இலக்கம் என்ன” என்று இரண்டே கேள்வி போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் பலனில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒவ்வொரு கடிதத்துடனும் முதல் முறைப்பாட்டின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணையுங்கள்.