செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி... கையில் கேமரா!

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு செம்பருத்திச் செடிகள் இருக்கின்றன. அடுக்குச் செம்பருத்தி ஒன்று, ஐந்து இதழ்ச் சிவப்பு ஒன்று. என் மாமியார் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த குச்சியின் வாரிசுகள். அதில் பூத்த பூவைத்தான் காலையில் சுவாமி படத்துக்கு வைப்பார். வாங்கின பூ எவ்வளவு இருந்தாலும் அவருக்கு அது கணக்கில் சேராது.

2023 கோடையில் அந்தச் செடிகளுக்கு மாவுப்பூச்சி வந்துவிட்டது. தளிரெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு ஒட்டினமாதிரி. மொட்டு விரியாமலே உதிர்ந்தது. நான் கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கி அடித்தேன். பூச்சி போயிற்று. "மருந்தடிச்ச பூவை எப்படிம்மா சாமிக்கு வைக்கிறது?" என்று அத்தை ஒரு மாதம் செடிப்பக்கமே போகவில்லை. அந்த ஒரு மாதம் முடிவதற்குள் மாவுப்பூச்சி திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட இரண்டு பங்கு!

மருந்து வேண்டாம் என்று பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்தேன். தினம் காலையில் தேய்ப்பேன். எது பெரிதாக, கொழுகொழுவென்று இருக்கிறதோ அதை முதலில் நசுக்குவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எங்கள் தெருவில் வேளாண் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "வெள்ளையா ஏதோ இருக்குன்னு மட்டும் தெரியுதும்மா. கால் தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்துட்டு வாங்க, சொல்றேன்" என்றார்.

பூச்சியின் காலா! நான் பிளஸ் டூ, அதுவும் காமர்ஸ் குரூப். கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபரைத் தவிர கேமராவோடு எனக்கு என்ன சம்பந்தம்? ஆனால் பீரோவில் ஒரு கேமரா தூங்கிக்கொண்டுதான் இருந்தது. 2016-ல் டில்லி, ஆக்ரா போனபோது என் கணவர் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். அதை எடுத்துத் துடைத்தேன். (பட்டுப்புடவையோடு பாச்சா உருண்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்த வாசனை கேமராவுக்கு ஆகாதாம். நீங்களும் அப்படி வைத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.)

பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன். "ஆட்டோவுல வெச்சு எடும்மா, அதுவே பார்த்துக்கும்" என்றான். அது பார்த்துக்கொண்ட லட்சணம், இலை பளிச்சென்று இருக்கிறது, பூச்சி புகை மூட்டமாய் இருக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி 'கிர் கிர்' என்று தேடுகிறது, நிற்பதில்லை. கிட்டப் போனால் பட்டனே அமுங்க மாட்டேன் என்கிறது. பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்கு மேல் நெருங்காதே என்று ஒரு தூரம் இருக்கிறது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸுக்கு அது சுமார் 25 செ.மீ. அவ்வளவு கிட்ட வைத்து எடுத்தாலும் படத்துக்குள் ஆறேழு செ.மீ. அகலம் விழும். அதில் நாலு மில்லிமீட்டர் பூச்சி எம்மாத்திரம்?

இதற்கென்றே மேக்ரோ லென்ஸ் என்று இருக்கிறது. விலை பல ஆயிரம். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே முடியாது. ஆனால் ஏழைக்கேற்ற வழியும் இருக்கிறது. 'குளோஸ்-அப் ஃபில்டர்' என்று வட்டமான கண்ணாடி, லென்ஸின் முகத்தில் திருகிக்கொள்ள வேண்டியது. சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது லென்ஸ் விளிம்பில் வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 58, 55, 52 என்று ஓர் எண் இருக்கும், அதே அளவு கேட்டு வாங்க வேண்டும். +1, +2, +4 என்று பவர் சொல்வார்கள். அட, நம் மூக்குக் கண்ணாடிக்குச் சொல்கிற அதே பவர்தான்! நாற்பதைத் தாண்டிய எனக்கு வெள்ளெழுத்துக்கு +1.5 போட்டிருக்கிறார்கள். கேமராவுக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி மாட்டுகிறோம், அவ்வளவுதான். நான் வாங்கியது +4. அதை மாட்டி, லென்ஸை 55-ல் வைத்தால் பூச்சியின் நிஜ அளவில் ஏறக்குறையப் பாதி உருவம் கேமராவுக்குள் விழுகிறது. முன்பு விழுந்தது மூன்றில் ஒன்றுதான்.

கண்ணாடி என்றதும் இன்னொன்று. என்னைப்போல் மூக்குக் கண்ணாடி போடுகிற சகோதரிகள் இதை விட்டுவிடாதீர்கள். எட்டிப் பார்க்கும் துவாரத்தின் பக்கத்தில் குட்டியாக ஒரு சக்கரம் இருக்கும். அது பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ள வேண்டியது. எங்கள் கேமராவில் அது பிள்ளையின் கண்ணுக்குத் திருப்பி வைத்தபடியே எட்டு வருஷமாக இருந்திருக்கிறது! ஒரு மாதம் எனக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்து, கண்ணில் ஏதோ கோளாறு என்று பயந்து, கண் டாக்டரிடம் போக நாள்கூடப் பார்த்துவிட்டேன். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகத் தெரியும்வரை அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் போதும்.

அடுத்து அந்த எஃப் எண். 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும். உள்ளே வெளிச்சம் நுழைகிற ஓட்டையின் அளவு அது. எண் பெரிதானால் ஓட்டை சின்னது என்று மகன் சொன்னான். எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. "பதினாறு எப்படிடா நாலைவிடச் சின்னது?" என்று நான் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தினார். "நாலுல ஒண்ணு கால். பதினாறுல ஒண்ணு வீசம். காலு பெரிசா, வீசம் பெரிசா?" அவ்வளவுதான், புரிந்துவிட்டது. எஃப் 4 என்றால் கால், எஃப் 8 அரைக்கால், எஃப் 16 வீசம். பழைய வாய்பாடு எங்கே வந்து கைகொடுக்கிறது பாருங்கள்!

ஓட்டை சின்னதானால் என்ன லாபம்? ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணை இடுக்கிப் பார்க்கிறோமே, ஏன்? இடுக்கினால் தெளிவாகத் தெரிகிறது. அதே சங்கதிதான். கிட்டப் போகப்போக, படத்தில் கூர்மையாக விழும் கனம் காகிதமாய் மெலிந்துபோகும். என் +4 கண்ணாடியோடு எஃப் 5.6-ல் எடுத்தால் ஒண்ணேகால் மில்லிமீட்டர் கனம்தான் தெளிவு. பூச்சியின் முதுகு தெரிந்தால் கால் தெரியாது. எஃப் 11-ல் அது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆகிறது. அப்படியானால் 22-க்கே போய்விடலாமே என்று நானும் பேராசைப்பட்டேன். அவ்வளவு சின்ன ஓட்டையில் வெளிச்சம் சிதறி, படம் முழுக்க மெழுகு பூசினமாதிரி மழுங்கிப் போகிறது. ஆகையால் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓட்டையைச் சுருக்கினால் இருட்டு வரும். அதற்கு நேரத்தைக் கூட்டலாம், ஆனால் 1/60 விநாடி என்று வைத்தால் கை நடுக்கமும் காற்றும் சேர்ந்து படத்தைக் கலைத்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால் படத்தில் ரவை தூவினமாதிரி பொறிப்பொறியாய் வருகிறது. கடைசியில் கேமராவிலேயே இருக்கிற பிளாஷைத்தான் கிளப்பினேன். அந்த வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அடித்து ஓய்ந்துவிடுவதால் பூச்சி அசைந்தாலும் படம் அசைவதில்லை. ஆனால் லென்ஸின் நிழல் பாதிப் படத்தில் விழுந்தது! பார்சல் பிரியாணி வந்த டப்பாவின் வெள்ளை மூடியில் வட்டமாக ஓட்டை வெட்டி லென்ஸின் கழுத்தில் மாட்டினேன். பிளாஷ் அந்த மூடியில் பட்டு, மூடியே விளக்குமாதிரி ஒளிர்ந்து, வெளிச்சம் மெத்தென்று பரவுகிறது. "கேமராவுக்குக் குடை கல்யாணமா?" என்று என் கணவர் கேலி செய்தார். செய்யட்டும்.

இப்போது என் கணக்கு இது. மேலே உள்ள சக்கரத்தை 'எம்' என்ற எழுத்தில் வைத்துக்கொள்வேன். 1/200 விநாடி, எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 400. லென்ஸின் பக்கவாட்டிலோ கேமராவிலோ உள்ள பொத்தானை 'எம்.எஃப்.' பக்கம் தள்ளிவிட்டால் லென்ஸ் தானாகத் தேடி அலையாது. பிறகு லென்ஸைத் திருப்புவதே இல்லை. நான்தான் இம்மி இம்மியாக முன்னே போய்ப் பின்னே வருவேன். பூச்சியின் கண்ணோ காலோ பளிச்சென்று தெரிகிற நொடியில் அமுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு. மணை போட்டு உட்கார்ந்தால் இடுப்பு தப்பும். ஆடுகிற கிளையை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துத் துணி கிளிப் போட்டுவிட்டால் ஆட்டம் அடங்கும். வெயில் ஏறுமுன் ஆறரை மணிக்குள் போனால் நல்லது, குளிர்ச்சியில் பூச்சிகள் மந்தமாக இருக்கும். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். ஃபிலிம் இருந்த காலமாக இருந்தால் 36 படத்தோடு ஒரு ரோல் தீர்ந்து, வீட்டில் ரகளை ஆகியிருக்கும்!

வெள்ளைப் பூச்சிக்கு மட்டும் இன்னொரு திருத்தம் வேண்டியிருந்தது. கரும்பச்சை இலையில் வெள்ளையாய்ச் சின்னதாய் உட்கார்ந்திருப்பதால் கேமரா இலையைப் பார்த்துப் பிளாஷை அதிகமாக அடித்துவிடுகிறது. பூச்சி வெறும் சுண்ணாம்புப் பொட்டாகிவிடும். பிளாஷ் அளவைக் குறைக்கும் இடத்தில் -1 என்று வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்த படத்தை டி.வி.யில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எல்லாம் ஒரே பூச்சி என்று நினைத்திருந்தேனே, இல்லை! சின்னதாய் நீள்வட்டமாய், மாவு தூவின ரோஜா நிற உடம்போடு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தவை ஒரு ரகம். அவற்றின் நடுவே, உடம்பெல்லாம் திரித்திரியாய் வெள்ளை நூல் தொங்க, அவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக ஒன்று. அதற்கு ஆறு கால்கள் தெளிவாகத் தெரிந்தன. முன்னால் ஒரு மாவுப்பூச்சியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

படத்தைப் பார்த்ததும் பெரியவர் சிரித்தார். "இது பொறிவண்டோட புழும்மா. மாவுப்பூச்சியைத் தின்னே வளர்றது. எறும்பு கண்டுக்காம இருக்கத்தான் அதே வேஷம். இந்த ஜாதியிலே கிரிப்டோலேமஸ்னு ஒண்ணை 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்தாங்க, காப்பிச் செடியிலே செதில் பூச்சியைத் தின்ன." அதேமாதிரி வேஷம் போடுகிற நம்மூர்ச் சிறு பொறிவண்டுகளும் உண்டாம். எதற்கும் ஒன்றைப் பிடித்துப் பாட்டிலில் வளர்த்துப் பார்க்கச் சொன்னார்.

எது பெரிதோ அதை முதலில் நசுக்கினேன் என்று சொன்னேன் அல்லவா? ஒரு வருஷமாகக் காலையில் எழுந்து, செடியைக் காப்பாற்ற வந்தவர்களைத் தேடித்தேடிக் கொன்றிருக்கிறேன். அதற்கு முன்னால் அடித்த மருந்தும் இவர்களையும் சேர்த்தல்லவா தீர்த்திருக்கும்! மாவுப்பூச்சி இரண்டு பங்காய்த் திரும்பி வந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பூச்சிக்காக இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாவுப்பூச்சி பிடித்த குச்சியோடு அந்தப் புழுவை விட்டு, வாயில் மெல்லிய துணி கட்டிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். பூச்சி தீரத்தீரப் புதுக் குச்சி போட்டேன். ஒருநாள் அசையாமல் ஒட்டிக்கொண்டது. செத்துவிட்டதோ என்று பயந்தேன். சில நாள் கழித்துக் குட்டியாக ஒரு வண்டு, கறுப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை, பாட்டில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது! செம்பருத்தியிலேயே கொண்டுபோய் விட்டேன்.

பிறகு பிரஷ்ஷை அடியோடு நிறுத்தவில்லை. படம் எடுத்துப் பார்த்து, பொறிவண்டுப் புழு இல்லாத கிளையில் மட்டும் சோப்புத் தண்ணீர். எறும்புதான் இன்னொரு வில்லன். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புநீருக்காக அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். அடித்தண்டில் துணி சுற்றி, துணியின்மேல் வாசலின் தடவி எறும்பு ஏறாமல் தடுத்தேன். தரையையோ பக்கத்துச் செடியையோ தொடுகிற கிளை இருந்தால் அதையும் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். 2024 ஐப்பசி மழை முடிந்ததும் மொட்டு உதிர்வது நின்றது. மார்கழி முதல் தேதி அத்தையின் கூடையில் பதினொரு பூ.

இப்போது கறிவேப்பிலைப் பக்கம் போயிருக்கிறேன். பறவை எச்சம்மாதிரி இலையில் ஒட்டிக்கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு என்பதும் படத்தில் பார்த்துத்தான் தெரிந்தது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டும். அந்தக் கொம்பைப் படத்தில் பிடிக்க இன்னும் எனக்கு வரவில்லை. நீட்டின வேகத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

நேற்றுக் காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து அத்தையின் குரல்: "ஏம்மா, இந்தக் கொப்புல வெள்ளையா ஒண்ணு நகருது. நம்ம ஆளா, வேத்தாளான்னு அந்தப் பெட்டியை எடுத்துட்டு வந்து பாரேன்!"