நிறச் சீராக்கத்தில் இயக்கத் தடமறிதல்

நிறச் சீராக்கத்தில் இயக்கத் தடமறிதல் என்பது, நிகழ்படம் ஒன்றின் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் நிறத்தையோ ஒளிர்வையோ மாற்றும்போது, அப்பகுதியை வரையறுக்கும் வடிவம் படத்திலுள்ள பொருளின் அசைவைப் பின்தொடருமாறு செய்யும் நுட்பம் ஆகும். வட்டம், நீள்வட்டம், பல்கோணம் முதலியவையாக அமையும் இவ்வடிவம் மறைப்பு அல்லது மாஸ்க் எனப்படுகின்றது. டா வின்சி நிறுவனத்தின் கருவிகள் வழியாகப் பரவிய பவர் விண்டோ என்ற பெயரும் இத்துறையில் வழக்கில் உள்ளது.

தேவை

நிழலான தாழ்வாரத்தில் ஒருவர் நடந்து வருகின்றார் என்றும், அவரது முகம் மட்டும் இருண்டு காணப்படுகின்றது என்றும் கொள்வோம். முகத்தின் மீது நீள்வட்ட மறைப்பு ஒன்றை வைத்து அதன் உட்பகுதியை ஒளிரச் செய்யலாம். ஆனால் அவர் நடக்கத் தொடங்கியதும் முகம் மறைப்பை விட்டு விலகிவிடும். பின்னாலுள்ள சுவரில் காரணமில்லாத ஒரு வெளிச்சத் திட்டு மிஞ்சும். பார்வையாளர் அதனைக் கண்டுகொண்டால் செய்த திருத்தம் பயனற்றதாகிவிடும்.

நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட படத்தில் 10 நொடிக் காட்சி ஒன்றில் 240 சட்டகங்கள் உள்ளன. இவற்றுள் சிலவற்றில் மட்டும் மறைப்பைக் கையால் சரியான இடத்தில் வைத்து, இடைப்பட்டவற்றைக் கணினியே நிரப்புமாறு விடுவது பழைய முறை. கையால் அமைக்கப்படும் சட்டகங்கள் கீஃபிரேம்கள் எனப்படும். சீராக ஓடும் வாகனத்துக்கு இது போதும். நடப்பவரின் தலையோ ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குகின்றது; கையில் ஏந்திய படக்கருவியும் ஆடுகின்றது. அதனால் கீஃபிரேம்களுக்கு இடையில் மறைப்பு முகத்தின் மீது மிதப்பது போலத் தோன்றும். சட்டகம் சட்டகமாகக் கையால் வரைவது இதற்கு மாற்று. மாக்ஸ் பிளைசர் 1917 இல் காப்புரிமை பெற்ற ரோட்டாஸ்கோப் கருவியிலிருந்து வரும் அவ்வேலை மிகுந்த உழைப்பைக் கோருவது.

நிறத்தைக் கொண்டே பகுதியைப் பிரித்தெடுக்க முடியுமானால் மறைப்பின் தேவை குறையும். கோயன் சகோதரர்களின் 2000 ஆம் ஆண்டுத் திரைப்படமான ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழுவதும் எண்முறையில் நிறச் சீராக்கம் செய்யப்பட்ட தொடக்ககால ஹாலிவுட் படங்களுள் ஒன்றான இதில், ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியின் கோடைகாலப் பச்சையை வறண்ட மஞ்சளாக மாற்றுவித்தார். ஆனால் முகமும் மரச்சுவரும் ஒத்த நிறமுடையனவாக இருக்கும்போது நிறத்தை மட்டும் கொண்டு அவற்றைப் பிரிக்க இயலாது.

செயற்படும் விதம்

தடமறியும் மென்பொருள் முகத்தையோ வாகனத்தையோ முழுப்பொருளாக அறிந்துகொள்வதில்லை. ஒரு சட்டகத்தில் சிறு சதுரப் பகுதியிலுள்ள ஒளிர்வுக் கோலத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த சட்டகத்தில் அதற்கு மிக நெருங்கிய கோலம் எங்குள்ளது என்று சுற்றுவட்டத்தில் தேடுகின்றது. இதற்குப் பெரிதும் அடிப்படையாக உள்ள கணிப்புமுறையை புரூஸ் லூக்காஸ், டக்கியோ கனாடே ஆகியோர் 1981 இல் வெளியிட்டனர்.

எப்பகுதியைத் தேர்வது என்பதிலேயே வெற்றி பெரும்பாலும் தங்கியுள்ளது. வெறும் சுவரில் எல்லா இடமும் ஒன்றுபோல் இருப்பதால் தேடலுக்குப் பிடிமானம் இல்லை. நேரான விளிம்பிலோ, அவ்விளிம்பின் நீளவாக்கில் எங்கு நகர்ந்தாலும் ஒரே கோலமே கிடைக்கும். ஆகவே தடம் வழுக்கிச் செல்லும். மூலைகளும் புள்ளிகளும் மட்டுமே இரு திசைகளிலும் இடத்தை உறுதிசெய்கின்றன. எனவே கன்னமும் நெற்றியும் பயன் தருவதில்லை. புருவத்தின் முனை, மூக்கின் அடிப்பகுதி, சட்டைப் பொத்தான் போன்றவை பயன் தரும். இமைப்பதாலும் பேசுவதாலும் கண்ணிமை, உதடு ஆகியவற்றை நம்புவதற்கில்லை.

ஒரு புள்ளியின் தடம் இடப்பெயர்ச்சியை மட்டும் தரும். இரண்டு புள்ளிகள் சுழற்சியையும் அளவு மாற்றத்தையும் சேர்த்துத் தரும். தட்டையான பரப்பின் தொலைநோக்குச் சாய்வை அறிய நான்கு புள்ளிகள் வேண்டும். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருட்கள் மறைப்பினுள் பல புள்ளிகளைத் தாமே தேர்ந்து அவற்றின் பொது இயக்கத்தைக் கணிக்கின்றன. இங்கு எல்லா வகை அசைவுகளையும் கணிக்கவிடுவது பெரும்பாலும் கெடுதலே. முகத்துக்கு இடமும் அளவும் போதும். சாய்வையும் சேர்த்தால் தலை திரும்பும்போது மறைப்பு கோணலாக முறுக்கிக்கொள்ளும்.

வழுவலும் திருத்தமும்

ஒவ்வொரு சட்டகத்தையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாத சிறு பிழைகள் கூடிக்கூடி, நூறு சட்டகங்களுக்குப் பின் மறைப்பு காதருகே போய் நிற்கும். தொடக்கச் சட்டகத்தோடு மட்டும் ஒப்பிட்டால் பிழை சேராது. ஆனால் முகம் திரும்பினாலோ வெளிச்சம் மாறினாலோ தடம் அறுந்துவிடும். கட்டற்ற மென்பொருளான பிளெண்டர் இவ்விரு வழிகளையும் தருகின்றது. 2011 இல் வெளியான 2.61 பதிப்பில் தடமறிதலும், 2012 இல் வெளியான 2.64 பதிப்பில் மறைப்புக் கருவியும் அதில் சேர்க்கப்பட்டன. டியர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்னும் குறும்படத் தயாரிப்பு இவ்வளர்ச்சிக்குத் துணையாயிற்று.

பொருளுக்கு முன்னே தூண் ஒன்று குறுக்கிடும்போது தடம் தூணைப் பற்றிக்கொள்வதும் உண்டு. அச்சட்டகங்களின் தரவை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள சரியான இடங்களிலிருந்து இடைவெளியை நிரப்புவதே வழி. பொருள் மிகத் தெளிவாகத் தெரியும் சட்டகத்தில் தொடங்கி, முன்னோக்கியும் பின்னோக்கியும் தடமறிவது காட்சியின் முதற் சட்டகத்தில் தொடங்குவதைவிட நன்று.

நிறச் சீராக்கத்துக்கு ஒரு சலுகை உண்டு. பெயர்ப்பலகையை வேறொன்றால் மாற்றும் காட்சி விளைவு வேலையில் ஒரு படவணுப் பிழையும் தெரிந்துவிடும். இங்கோ மறைப்பின் விளிம்பைப் படிப்படியாக மங்கச் செய்துவிட்டால், சில படவணுக்கள் விலகினாலும் கண் அறியாது. ஆயினும் முகத்துக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தால் மங்கிய விளிம்பே ஒளிவட்டமாகத் தெரியும். நின்ற படத்தில் மறைந்திருக்கும் நடுக்கம் ஓடும் படத்தில் வெளிப்படுமாதலால், திருத்தத்தைத் தற்காலிகமாக மிகைப்படுத்தி, காட்சியை முழு வேகத்தில் ஓடவிட்டே சரிபார்க்க வேண்டும்.

ரிசால்வின் 17 ஆவது பதிப்பு, 2020 இல் அறிவிக்கப்பட்டபோது, மேஜிக் மாஸ்க் என்ற கருவியையும் கொண்டுவந்தது. பயனர் ஒரு கோடு இழுத்துக் காட்டினால், இயந்திரக் கற்றல் மூலம் ஆளின் உருவரையை அது தானே கண்டு பின்தொடரும். தலைமுடியிலும் வேக அசைவால் மங்கிய கைகளிலும் அதன் விளிம்பு துடிப்பதுண்டு. அத்தகைய இடங்களில் மங்கிய விளிம்புடைய எளிய நீள்வட்டமே அமைதியாக நிற்கின்றது.