கசப்பு மருந்தும் கனிவான கரமும்



பக்கவாதத்தாலோ முதுமையாலோ விழுங்கச் சிரமப்படும் பெரியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருக்கிறார்களா? அப்படியாயின் நாங்கள் செய்த தவற்றைச் சற்றுக் கேளுங்கள்.

பக்கவாதம் கண்ட என் தாயார் மாத்திரைகளை விழுங்க இயலாமல் துப்பினார்கள். நாங்கள் அவற்றைப் பொடித்து, அவர்கள் விரும்பி அருந்தும் கஞ்சியில் சொல்லாமல் கலந்தோம். இரண்டு கரண்டி அருந்தியதும் முகம் சுளித்தார்கள். பின்னர் பல நாட்கள் எங்கள் கையால் கஞ்சி வாங்கவே மறுத்துவிட்டார்கள். மருந்தும் போயிற்று, உணவும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று.

செய்தியறிந்த மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டார். சில மாத்திரைகள் உடலில் சிறுகச் சிறுகக் கரைவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்து தீங்கு விளைவிக்கலாம். வேறு சில, இரைப்பையைக் கடந்து குடலில் கரையும்படி மேற்பூச்சு இடப்பட்டவை. ஆகவே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளாமல் மாத்திரையைப் பொடிக்காதீர்கள்; கேப்சூலைத் திறக்காதீர்கள். அம்மருந்து திரவமாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

பொடிக்கலாம் என்று அவர்கள் கூறினால், ஒரு தேக்கரண்டி மசித்த வாழைப்பழத்தில் குழைத்து உடனே கொடுங்கள். முழு உணவிலும் கலந்தால், மீதமாகும் உணவோடு மருந்தும் மீதமாகிவிடும். தேனில் குழைப்பதாயின் நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கும் ஆகாது என்பதை மறவாதீர்கள். சில மருந்துகள் பாலுடன் சேர்ந்தால் பயன் குன்றும், அதனையும் கேட்டறியுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரு கரண்டி குளிர்ந்த பழக்கூழ் கொடுத்தால் கசப்பு சற்று மட்டுப்படும்.

நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து மருந்தை ஊற்றாதீர்கள். ஒரு வாய் இறங்கிய பின்னரே மறு வாய் கொடுங்கள். பின்னர் அரை மணி நேரமேனும் அமர்ந்திருக்கட்டும். சிலருக்கு வெறும் தண்ணீரே புரையேறும். அதனைச் சற்றுக் கெட்டியாக்கித் தர மருத்துவர் கூறுவதுண்டு. இருமலோ குரலில் களகளப்போ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் தெரிவியுங்கள். நுரையீரலுக்குள் செல்லும் சிறிதளவும் நிமோனியாவாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வேண்டாமெனச் சைகை செய்தும் வாயோரத்தில் மருந்து புகட்டப்பட்டது. தெளிவு பெற்றதும் அதனை அவர்கள் கண்டித்தார்கள் என்று புகாரி நூலில் காண்கிறோம். நோயாளி பேச இயலாதவராயினும் அவருக்கும் ஒரு விருப்பம் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம் அல்லவா?

மருத்துவர் திரவ மருந்தாக மாற்றி எழுதித் தந்தார். "உம்மா, இது இரத்த அழுத்தத்திற்கு உரியது, கொஞ்சம் கசக்கும்" என்று மறைக்காமல் சொன்னோம். சற்று நேரம் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். பின்னர் தாமாகவே வாயைத் திறந்தார்கள்.